குமட்டலுக்கு மணிக்கட்டுப் பட்டை: மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கடிதம் எழுதிய வாசகிக்கு 41 வயது. அலுவலக வேலை, இரண்டு பிள்ளைகள். ஆறு வருடங்களாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார். மூன்று மாதங்களுக்கும் மேலாக, வாரத்தில் நான்கைந்து நாள் காலையில் அவருக்கு வயிற்றைப் புரட்டுகிறது. வாந்தி வருவது அபூர்வம். வாயில் நீர் ஊறும், எதையும் சாப்பிடப் பிடிக்காது, பத்து பதினொரு மணி வரை அவதிதான். அவருடைய அக்கா, தன் அறுவை சிகிச்சைக்குப் பிறகு மீந்துபோன ஒண்டான்செட்ரான் என்ற வாந்தித் தடுப்பு மாத்திரைகளைக் கொடுத்திருக்கிறார். முதல் நாளே நன்றாகக் கேட்டதால், அப்புறம் தானே கடையில் வாங்கி இரண்டு மாதமாகக் கிட்டத்தட்ட தினமும் ஒன்று போட்டுவருகிறார். இப்போது மலச்சிக்கலும் அடிக்கடி தலைவலியும் சேர்ந்துகொண்டிருக்கின்றன.

இதற்கிடையில் உடன் வேலை செய்யும் ஒருவர், உள்பக்கம் குமிழ் வைத்த துணிப் பட்டை ஒரு ஜோடி கொடுத்து மணிக்கட்டில் போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். போட்ட நாட்களில் குமட்டல் பாதியாகக் குறைவதாக உணர்கிறார். ஆனால் கணவர், "ஒரு பட்டை கட்டினால் போகிற குமட்டல் என்றால் அது உன் மனசில் இருக்கிற குமட்டல்தான்" என்று சொல்லிவிட்டார். அந்தப் பேச்சு வாசகியை மிகவும் புண்படுத்தியிருக்கிறது என்பது கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. நீண்ட பேருந்துப் பயணத்துக்கு முன் ஒண்டான்செட்ரான் போட்டும் வாந்தி எடுத்தது, ஒன்பது வயது மகனுக்கும் வண்டியில் ஏறினால் வாந்தி வருவது ஆகியவற்றையும் எழுதியிருக்கிறார். அவர் கேட்பது இதுதான்: "இந்த மாத்திரை எல்லாம் கெமிக்கல். பட்டை இயற்கையானது. மாத்திரையை நிறுத்திவிட்டு வாழ்நாள் முழுவதும் பட்டையோடு இருந்துவிடலாமா?"

அன்புச் சகோதரிக்கு,

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். அந்த மாத்திரையை நிறுத்துவது சரியான முடிவு. பட்டையைப் போட்டுக்கொள்வதிலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் "வாழ்நாள் முழுவதும்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. மூன்று மாதமாக ஒருவருக்குக் காலைதோறும் குமட்டுகிறது என்றால், அது ஏன் என்று முதலில் பார்க்க வேண்டும். பட்டை, மாத்திரை இரண்டுமே அந்தக் கேள்வியைத் தள்ளிப்போட உதவிவிடும். உங்கள் விஷயத்தில் அந்தக் கேள்விக்கான பதிலில் பெரும்பகுதி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

போகிறபோக்கில் நீங்கள் எழுதிய இரண்டு வரிகள்

கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், "சர்க்கரை கூடியதால் நாலு மாசத்துக்கு முன் மெட்ஃபார்மினை 500-லிருந்து 1000 ஆக்கினார்கள், காலையும் இரவும்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். காலையில் அவசரமாகக் கிளம்ப வேண்டியிருப்பதால் அதை வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு, ஒரு மணி நேரம் கழித்துத்தான் சாப்பிடுவதாகவும் சொல்கிறீர்கள். மருந்தின் அளவு கூடியது நான்கு மாதம் முன்பு; குமட்டல் தொடங்கியது அதன்பின் சில வாரங்களில். மாத்திரை விழுங்குவது காலையில். குமட்டல் வருவதும் காலையில்.

மெட்ஃபார்மின் நல்ல மருந்து. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதைச் சாப்பிடுகிறவர்களில் 20 முதல் 30 சதவீதம் பேருக்குக் குமட்டல், வயிற்றுப்போக்கு, வயிற்றுப் பொருமல் போன்ற ஏதாவது ஒரு தொல்லை வருகிறது. அளவைக் கூட்டும்போதும், வெறும் வயிற்றில் போடும்போதும் இது அதிகம். இதைச் சரிசெய்யப் பெரும்பாலும் சின்ன மாற்றமே போதும். சாப்பாட்டுக்கு நடுவிலோ சாப்பிட்ட உடனேயோ போடலாம். அளவை இன்னும் மெதுவாகக் கூட்டலாம். அல்லது மருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளிப்படும் வகை மாத்திரைக்கு மாறலாம். முதலாவதை நீங்கள் நாளையே செய்யலாம். மற்ற இரண்டையும் உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

சர்க்கரை நோயோடு தொடர்புள்ள இன்னொரு சாத்தியமும் உண்டு. பல வருடச் சர்க்கரை, வயிற்றை இயக்கும் நரம்புகளைப் பாதித்து, உணவு வயிற்றிலிருந்து இறங்குவதைத் தாமதப்படுத்தலாம். கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிட்டதுபோல் இருப்பது, முந்தைய வேளை சாப்பிட்டது மணிக்கணக்கில் கழித்தும் எதுக்களிப்பது ஆகியவை அதன் அறிகுறிகள். உங்களுக்கு அப்படி இருப்பதாக எழுதவில்லை. இருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

இரண்டாவது வரி, மனப்பதற்றத்துக்காக ஒரு வருடமாக எஸ்சிட்டலோபிராம் சாப்பிடுவது. அந்த மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களில் குமட்டலைத் தரும். ஒரு வருடம் கழித்து அதைச் சந்தேகிக்கக் காரணம் குறைவு. என்னைக் கவலைப்படுத்துவது வேறு. எஸ்சிட்டலோபிராமும் ஒண்டான்செட்ரானும் தனித்தனியாகவே இதயத்தின் மின்துடிப்புச் சுழற்சியில் ஒரு பகுதியை நீளமாக்கக்கூடியவை. ஈசிஜியில் 'கியூடி இடைவெளி' என்று அளப்பது அதைத்தான். இரண்டும் சேரும்போது அந்த விளைவு கூடலாம். அரிதாக, ஆபத்தான இதயத் துடிப்புக் கோளாறு வரை போகலாம். வாந்தி, வயிற்றுப்போக்கால் உடலில் பொட்டாசியம் குறைந்திருந்தால் அபாயம் இன்னும் அதிகம். உங்களுக்கு அப்படி எதுவும் நடந்துவிட்டது என்று பயமுறுத்தவில்லை. பெரும்பாலோருக்கு எதுவும் நடப்பதில்லை. ஆனால் இந்தச் சேர்க்கையைத் தினமும், யாரும் கவனிக்காமல், மாதக்கணக்கில் தொடர்வது சரியல்ல. ஒரு ஈசிஜி எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

மூன்றாவதாக ஒரு விஷயம், நீங்கள் எழுதாதது. மாதவிடாய் நாட்கள் தவறியிருந்தால், 41 வயதுதானே என்று விட்டுவிடாமல் ஒரு கர்ப்பப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். காலைக் குமட்டலோடு வரும் பெண்ணிடம் இதைக் கேட்காமல் எந்த மருத்துவரும் மேலே போகக் கூடாது.

பட்டை என்ன செய்கிறது?

உள்ளங்கை முடிந்து மணிக்கட்டு தொடங்கும் இடத்தில் ஒரு கோடு இருக்கும். அங்கிருந்து முழங்கையை நோக்கி மூன்று விரல் அகலம் தள்ளி, நடுவில் ஓடும் இரண்டு தசைநாண்களுக்கு இடையே ஒரு பள்ளம் தட்டுப்படும். சீன அக்குபங்சர் மருத்துவம் இதை நெய்குவான் என்றும், இன்றைய மருத்துவ ஆய்வுகள் பி6 என்றும் குறிப்பிடுகின்றன. அதற்கு அடியில் கைக்குப் போகும் 'மீடியன்' நரம்பு ஓடுகிறது. பட்டையில் இருக்கும் குமிழ் அந்த இடத்தை விடாமல் அழுத்துகிறது. மின்கலத்தில் ஓடும் கருவிகளும் உண்டு. அவை அந்த நரம்புக்கு லேசான மின்தூண்டலைத் தருகின்றன.

இது பலன் தருகிறதா என்றால், எந்தக் குமட்டலுக்கு என்பதைப் பொறுத்தது. மிக நன்றாக ஆராயப்பட்டது அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் குமட்டல். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015-இல் வெளியிட்ட ஒரு தொகுப்பாய்வு 59 ஆய்வுகளை, அதாவது 7,667 பேரின் விவரங்களை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. பி6 புள்ளியை ஊசியாலோ அழுத்தத்தாலோ மின்தூண்டலாலோ தூண்டியவர்களுக்கு, போலிச் சிகிச்சை பெற்றவர்களைவிடக் குமட்டலும் வாந்தியும் குறைந்திருந்தன. வாந்தித் தடுப்பு மருந்துகளோடு ஒப்பிட்டபோதும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆனால் அந்த ஆய்வுகளின் தரத்தில் குறைகள் இருந்ததையும் அந்தத் தொகுப்பே சொல்கிறது. தவிர, அது எல்லா வகைத் தூண்டலையும் சேர்த்துப் பார்த்தது. துணிப் பட்டையை மட்டும் பார்த்ததல்ல.

புற்றுநோய் மருந்து தரும் குமட்டலில் கதை வேறு. 2013-இல் பிரிட்டனில் 500 நோயாளிகளை வைத்து நடந்த ஒரு பெரிய ஆய்வில், சரியான பட்டைக்கும் குமிழ் அழுத்தாத போலிப் பட்டைக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கர்ப்பகாலக் குமட்டலில் சில ஆய்வுகள் ஆதரவாகவும் சில எதிராகவும் இருக்கின்றன. பாதுகாப்பானது என்பதால் முயன்று பார்க்கலாம் என்று பல மருத்துவர்கள் சொல்கிறார்கள், நானும் சொல்வேன். பயணக் குமட்டலில் சான்று பலவீனம்.

உங்களுடையதைப் போன்ற 'அன்றாடக் குமட்டல்' இருக்கிறதே, அதற்குப் பட்டையை வைத்து நடந்த நல்ல ஆய்வு என்று காட்ட அநேகமாக எதுவும் இல்லை. அதற்குக் காரணமும் இருக்கிறது. அன்றாடக் குமட்டல் ஒரு நோயின் பெயர் அல்ல. மருந்தின் பக்கவிளைவு, நெஞ்செரிச்சல், ஒற்றைத் தலைவலி, மலச்சிக்கல், காதின் உட்பகுதிக் கோளாறு, பதற்றம், தைராய்டு, சிறுநீரகம் என்று எதிலிருந்தும் அது வரலாம். இத்தனையையும் ஒரே கூடையில் போட்டு ஆராய்ந்தால் ஒரு பதிலும் கிடைக்காது.

"இயற்கையானது" என்பதால் பட்டைக்குத் தனியாக மதிப்பெண் தர நான் தயாராக இல்லை. அதற்கு நான் மதிப்பு கொடுப்பது கெடுதல் மிகக் குறைவு என்பதால்தான். அதுகூட முழுமையானதல்ல. இறுக்கமாகப் போட்டால் தோல் தடிக்கும், விரல் மரத்துப்போகும். சர்க்கரை நோயால் கை விரல்களில் ஏற்கெனவே உணர்ச்சி மந்தமாக இருந்தால், பட்டை அதிகமாக இறுக்குவது உங்களுக்குத் தெரியாமலே போகலாம். அதனால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை கழற்றித் தோலைப் பாருங்கள். இரவில் போட வேண்டாம். மணிக்கட்டு நரம்பு நெருக்கம் உள்ளவர்கள், டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக்குழாய் இணைப்பு செய்தவர்கள், மார்பக அறுவைக்குப் பின் கை வீங்கியிருப்பவர்கள் அந்தக் கையில் போடவே கூடாது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் மின்கருவி வகையை மருத்துவரிடம் கேட்காமல் தொடக் கூடாது.

"அப்படியானால் அது மனசில்தானா?"

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் பேச விரும்புகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் மிகவும் வலித்த இடம் இதுதான்.

குமட்டல் என்ற உணர்வு எங்கிருந்து கிளம்பினாலும் உருவாகும் இடம் மூளைதான். ஓர் ஊருக்கு நான்கு திசையிலிருந்தும் சாலை வருவதுபோல, அங்கே போய்ச் சேரும் வழிகள் பல. குடல் சுவர் எரிச்சலடைந்தால் செரோடோனின் என்ற வேதிப்பொருள் சுரந்து, குடலை மூளையோடு இணைக்கும் வேகஸ் நரம்பு வழியாகச் செய்தி போகிறது. ரத்தத்தில் கலந்த மருந்தையோ நச்சையோ மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஒரு பகுதி நேரடியாக முகர்ந்துவிடுகிறது. காதின் உட்பகுதியில் உள்ள சமநிலை உறுப்பு மூன்றாவது வழி. நினைவு, பயம், வாசனை, எதிர்பார்ப்பு ஆகியவை நான்காவது. புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவர்களில் சிலருக்கு, மருந்து ஏற்றுவதற்கு முன்பே, மருத்துவமனை வாசலைப் பார்த்ததுமே குமட்டிவிடும். அவர்கள் நடிக்கவில்லை. முந்தைய அனுபவத்தை அவர்களுடைய மூளை கற்றுக்கொண்டுவிட்டது, அவ்வளவுதான்.

எதிர்பார்ப்பு குமட்டலைக் கூட்ட முடியும் என்றால், குறைக்கவும் முடியும். பட்டை தரும் நிவாரணத்தில் ஒரு பங்கு இப்படி வந்திருக்கலாம். போலிப் பட்டை போட்டவர்களுக்கும் ஓரளவு சுகம் கிடைத்ததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். ஆனால் உங்கள் கணவர் இதிலிருந்து எடுத்த முடிவு தவறு. பட்டையால் குறைந்தது என்பதை வைத்து, குமட்டல் பொய் என்றோ அதற்கு உடல் காரணம் இல்லை என்றோ சொல்ல முடியாது. அறுவை சிகிச்சைக்குப் பின் மயக்க மருந்தால் வந்த குமட்டல்கூடப் பி6 தூண்டலால் குறைந்திருக்கிறது. அதை யாரும் மனசில் இருக்கிற குமட்டல் என்று சொல்வதில்லையே. உங்கள் கணவரும் உங்களோடு மருத்துவரிடம் வரட்டும். மெட்ஃபார்மின் விஷயத்தை அவர் நேரில் கேட்டால் நல்லது.

அதே காரணத்தால், உங்களுக்கும் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். பட்டை போட்டதும் பாதியாகக் குறைந்தது, அதனால் பெரிதாக ஒன்றும் இருக்காது என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அதுவும் சரியான முடிவு அல்ல. அறிகுறி குறைவதும் காரணம் சரியாவதும் வெவ்வேறு.

'வாந்தி மாத்திரை' என்று ஒரே மாத்திரை இல்லை

மேலே சொன்ன வழிகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மருந்துகள் உண்டு. ஒரு வழியை அடைக்கும் மருந்து இன்னொரு வழியில் வரும் குமட்டலுக்கு உதவாமல் போகலாம்.

ஒண்டான்செட்ரான் குடலிலும் மூளையிலும் செரோடோனினின் ஒரு வகை ஏற்பியைத் தடுக்கிறது. 1991-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது புற்றுநோய் மருந்து தரும் கடும் வாந்திக்காக. அந்த நோயாளிகளுக்கு அது பெரிய விடுதலை. உங்கள் அக்காவுக்கு அறுவைக்குப் பின் கொடுத்ததும் சரியே. தினசரிக் காலைக் குமட்டலுக்கு மாதக்கணக்கில் போடுவதற்கான மருந்து அல்ல அது. அதன் பொதுவான பக்கவிளைவுகள் இரண்டு: தலைவலி, மலச்சிக்கல். நீங்கள் எழுதியிருப்பதும் அதே இரண்டு. மலச்சிக்கலே குமட்டலை வரவழைக்கும் என்பதால், எதற்காக மாத்திரை போட்டீர்களோ அதையே மாத்திரை வளர்த்திருக்கவும் கூடும்.

இதை நிறுத்திவிட்டு வேறொன்றை வாங்கிவிடாதீர்கள் என்பதற்காக மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். டோம்பெரிடோன் பல இடங்களில் சாதாரணமாகக் கைமாறுகிற மருந்து. அதுவும் இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடியது என்பதால், 2014-இல் ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதைப் பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் போட வேண்டாம் என்று வரையறுத்தது. எஸ்சிட்டலோபிராமோடு சேர்த்து உங்களுக்கு அது கூடவே கூடாது. மெட்டோகுளோபிரமைடு வயிற்றை வேகமாக இயக்கும். ஆனால் நீண்ட நாள் போட்டால் முகம், நாக்கு, தாடைத் தசைகள் தாமாக அசையும் கோளாறு வரலாம், மருந்தை நிறுத்திய பிறகும் அது நிற்காமல் போகலாம். 2009-இல் அமெரிக்காவில் அதன் பெட்டியிலேயே கடும் எச்சரிக்கை அச்சிடச் சொன்னது இதனால்தான். புரோகுளோர்பெரசினும் தசை இறுக்கம், நடுக்கம் தரக்கூடியது.

இவை எல்லாம் கெட்ட மருந்துகள் என்று நான் சொல்லவில்லை. வாந்தி நிற்காமல் உடல் வறண்டுபோகும் ஒருவருக்குப் பட்டையைக் கட்டிவிட்டு உட்கார்ந்திருப்பதுதான் ஆபத்து. அங்கே மருந்துதான் வேண்டும், சில நேரம் ஊசி வழியாக, உடனே. "எல்லாம் கெமிக்கல்" என்று ஒதுக்கினால் அந்த நேரத்தில் தவறான முடிவெடுப்பீர்கள். குறைந்த நாட்களுக்கு, காரணம் தெரிந்து, மற்ற மருந்துகளோடு பொருந்துகிறதா என்று பார்த்துப் போட்டால் அவை நல்ல மருந்துகளே.

பேருந்தில் மட்டும் ஏன் கேட்கவில்லை?

கண் ஒன்றைச் சொல்ல, காதின் சமநிலை உறுப்பு வேறொன்றைச் சொல்ல, மூளை குழம்புவதால் வருவது பயணக் குமட்டல். அந்தப் பாதையில் வேலை செய்பவை ஹிஸ்டமின், அசிட்டைல்கோலின் என்ற வேறு இரண்டு வேதிப்பொருட்கள். செரோடோனினைத் தடுக்கும் ஒண்டான்செட்ரான் அங்கே பயன்படுவதில்லை. அதனால் நீங்கள் மாத்திரை போட்டும் வாந்தி எடுத்ததில் வியப்பு இல்லை.

பயணத்துக்கு உதவுபவை மெக்லிசின், டைமென்ஹைட்ரினேட் போன்றவை. கிளம்புவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். வாந்தி தொடங்கிய பின் போட்டால் பலன் குறைவு. தூக்கம் வரும் என்பதால் வண்டி ஓட்டக் கூடாது. காதின் பின்னால் ஒட்டும் ஸ்கோபொலமின் பிளாஸ்டர் மூன்று நாள் வரை வேலை செய்யும். அதைக் குறைந்தது நான்கு மணி நேரம் முன்பே ஒட்ட வேண்டும். வாய் வறட்சி, மங்கலான பார்வை தரும். கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கு ஆகாது. உணவு வயிற்றிலிருந்து மெதுவாக இறங்கும் பிரச்சினை உங்களுக்கு இருந்தால் அதை அது மோசமாக்கும். அதனால் மருத்துவரைப் பார்க்கும் முன் இதை முயல வேண்டாம்.

மகனைப் பற்றிக் கேட்டீர்கள். 2 முதல் 12 வயது வரையிலான குழந்தைகளுக்குத்தான் பயணக் குமட்டல் அதிகம்; வளர வளரப் பெரும்பாலோருக்குக் குறைந்துவிடும். பட்டையைப் போட்டுவிடலாம், கெடுதல் இல்லை. ஆனால் அதைவிட உதவுவது, வண்டியில் புத்தகமும் செல்போனும் கொடுக்காமல் இருப்பதும், ஜன்னல் வழியே தூரத்தில் அசையாமல் தெரியும் ஒன்றைப் பார்க்கவைப்பதும், காற்று படும்படி உட்காரவைப்பதும், கிளம்பும் முன் வயிறு முட்டச் சாப்பிட வைக்காமல் இருப்பதும். மாத்திரை வேண்டுமென்றால் அவனுடைய எடைக்கு ஏற்ற அளவைக் குழந்தை மருத்துவர் சொல்லட்டும். உங்களிடம் இருக்கும் ஒண்டான்செட்ரானை அவனுக்குக் கொடுக்காதீர்கள்.

அடுத்த இரண்டு வாரம்

மெட்ஃபார்மினைச் சாப்பாட்டோடு போடுங்கள். இது ஒன்றை மாற்றினாலே உங்கள் குமட்டல் பெருமளவு குறையக்கூடும் என்பது என் எதிர்பார்ப்பு. ஒரு நோட்டில் தினமும் நான்கு விஷயங்களை எழுதுங்கள்: குமட்டல் எத்தனை மணிக்கு வந்தது, பத்துக்கு எவ்வளவு, சாப்பாடும் மாத்திரையும் எத்தனை மணிக்கு, பட்டை போட்டிருந்தீர்களா இல்லையா. குமட்டும்போது சர்க்கரை அளவைப் பார்த்து அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பட்டை உங்களுக்கு எவ்வளவு உதவுகிறது என்பதையும் இந்த நோட்டே சொல்லிவிடும். சில நாள் போட்டு, சில நாள் போடாமல் இருந்து பாருங்கள். குமிழ் சரியான இடத்தில் இருக்கிறதா என்று முதலில் உறுதி செய்யுங்கள். பலர் மணிக்கட்டுக் கோட்டின் மேலேயே கடிகாரம் கட்டுவதுபோல் போட்டுக்கொண்டு பலனில்லை என்கிறார்கள். பட்டை கையில் இல்லாத நேரத்தில் மற்ற கையின் கட்டைவிரலால் அந்தப் புள்ளியை இரண்டு மூன்று நிமிடம் அழுத்தலாம்.

இன்னொரு எளிய வழியும் உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். சர்க்கரை பார்க்கும் முன் விரலைத் துடைக்கும் ஸ்பிரிட் பஞ்சு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்தது. அதை மூக்கருகே பிடித்து மெல்ல மூச்சிழுத்தால் சிறிது நேரம் குமட்டல் தணிகிறது என்பதை அவசரச் சிகிச்சைப் பிரிவுகளில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், விழுங்கிய ஒண்டான்செட்ரானைவிட இதுவே விரைவில் நன்றாகப் பலன் தந்தது. எப்போதாவது, சில மூச்சு மட்டும். மூக்கிலோ கண்ணிலோ பட வேண்டாம். இஞ்சியும் சிலருக்கு உதவுகிறது. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்கள் இஞ்சி மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது.

இவற்றுக்கு இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள்

வாந்தியில் ரத்தம் அல்லது காபித்தூள் நிறம், கறுப்பு மலம், கடும் வயிற்றுவலி, கண் மஞ்சளாவது, காரணமில்லாமல் எடை குறைவது, கழுத்து இறுக்கத்தோடோ பார்வை மங்கலோடோ கடும் தலைவலி, மயக்கம் அல்லது படபடப்பு. இவற்றில் எது இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இன்னொன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும்: சர்க்கரை நோய் உள்ள பெண்களுக்கு மாரடைப்பு சில நேரம் நெஞ்சுவலி இல்லாமல் வெறும் குமட்டல், வியர்வை, மூச்சுத்திணறல், தாடை அல்லது முதுகுவலி என்று வரும். வழக்கமான குமட்டல் மாதிரி இல்லை என்று தோன்றினால் தயங்காதீர்கள்.

வாந்தி நிற்காமல் தண்ணீர்கூடத் தங்காத நாள் வந்தால், அன்றே உங்கள் மருத்துவரைக் கூப்பிட்டு மெட்ஃபார்மினை என்ன செய்வது என்று கேளுங்கள். உடல் வறண்டு சிறுநீரகம் சோர்ந்த நிலையில் அதைத் தொடர்வது நல்லதல்ல. சர்க்கரை மிக அதிகமாகி, மூச்சு வேகமாகவும் ஆழமாகவும் போனால் அது அவசரநிலை.

மருத்துவரைப் பார்க்கும்போது நோட்டையும் எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு போங்கள், ஒண்டான்செட்ரான் அட்டை உட்பட. அதை மறைக்க வேண்டாம். ஈசிஜி, சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை ஆகியவற்றோடு, மெட்ஃபார்மின் நீண்டநாள் சாப்பிடுபவர்களுக்குக் குறையக்கூடிய பி12 வைட்டமினையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒண்டான்செட்ரானை இன்றே நிறுத்திவிடலாம், படிப்படியாகக் குறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதே வேகத்தில் எஸ்சிட்டலோபிராமை நிறுத்திவிடாதீர்கள்; அதைத் திடீரென்று விட்டால் தலைசுற்றலும் எரிச்சலும் புதிதாக ஒரு குமட்டலும் வரலாம். மெட்ஃபார்மினையும் மருத்துவர் சொல்லும்வரை, சாப்பாட்டோடு, தொடருங்கள்.